மணி அடித்த பிறகு தரையில் கிடப்பவை

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் அவள் விளையாட்டு அறைக்குப் போனாள். அங்கே எடுத்து வைக்க ஒன்றுமே இல்லை.

கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சற்று முன்பு இதே அறையில் கட்டைகளும் ரயில் பெட்டிகளும் தலை திருகிய பொம்மைகளும் கால் வைக்க இடமில்லாமல் இறைந்து கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள். இப்போது தரை துடைத்து விட்டதுபோல் இருந்தது. அலமாரியில் அட்டைப்பெட்டிகள், ஒட்டிய படங்கள் எல்லாம் முன்பக்கம் தெரிய, ஒன்றுகூட முன்னே பின்னே இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. புது அட்டையின் வாசம், பசையின் வாசம், அவற்றுக்கு அடியில் வெகுநாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த வாசம். ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெயில் தரையில் ஒரு தூசிகூட இல்லாமல் விழுந்து கிடந்தது.

பெரியவள் ஹாலில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"நீயா எல்லாத்தையும் எடுத்து வெச்ச?"

"நான் இங்கயேதான இருக்கேன்."

"தம்பியா?"

"அவனா!" என்று பெரியவள் சிரித்த சிரிப்பே பதிலாக இருந்தது. இறைப்பதற்கென்றே பிறந்தவன் அவன். பெயர் வைத்த கையோடு வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டு வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வாலு இப்போது அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்த கணவன் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "அசத்திட்ட போ," என்றான். அவள் மறுக்கவில்லை. ஒருவேளை தானே செய்திருக்கலாம் என்று தோன்றியது. இப்போதெல்லாம் கை ஒரு வேலை செய்யும், மனசு எங்கோ கிடக்கும். பல் தேய்த்தோமா என்று பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள் அவள்.

இந்தப் பெட்டி ஏற்பாடு முழுக்க அவளுடைய அக்காவின் யோசனை. அக்கா மழலையர் பள்ளி டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வாசல் தாண்டுவதற்குள் ஒரு ரயில் பெட்டியை மிதித்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இது வீடா, பழைய சாமான் கடையாடி? பாதியை அவங்க கண்ணுல படாம பெட்டியில போட்டு வை. எதைக் கேக்குறாங்களோ அதை மட்டும் எடுத்துக் குடு. கேக்காததெல்லாம் வேண்டாததுன்னு அர்த்தம், யாருக்காவது குடுத்துடு. உனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், அதுங்களும் ஒழுங்கா விளையாடும்."

கணவன் கிடங்கில் சரக்கு மேற்பார்வை பார்க்கிறவன். நல்ல கனமான அட்டைப்பெட்டிகளாகப் பார்த்துக் கொண்டுவந்தான். தூக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஓட்டை வைத்தவை. வாலுவுக்கு எழுத்து தெரியாது என்பதால், ஒவ்வொரு பொம்மையையும் கைபேசியில் படம் பிடித்து, அச்சடித்து, அதனதன் பெட்டியில் அவள் ஒட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை அவளுடையது; காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓடாத வாஷிங் மெஷின்களுக்கும் குளிராத ஃபிரிட்ஜ்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் திட்டி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள், அம்மா தண்ணி, அம்மா கிள்ளுறான், அம்மா இங்க பாரு, அம்மா, அம்மா, அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசியது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் தன்னை எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அதனால்தான் அந்தத் தந்திரத்தைச் செய்தாள். பிள்ளைகள் இருவரையும் அறை நடுவில் உட்காரவைத்து, முறுக்கிவிட்டால் மணி அடிக்கும் சமையலறை டைமரை அலமாரி மேல் வைத்தாள். கெட்ட பெயர் தனக்கு வரக்கூடாது, அழுகையும் கெஞ்சலும் தன்னிடம் வரக்கூடாது.

"மணி அடிச்சப்புறம் தரையில கிடக்கிறதெல்லாம் பெட்டிக்குப் போயிடும். இது அம்மா போட்ட சட்டம் இல்ல. இந்த ரூமோட சட்டம்."

"ரூமா எடுத்துக்கும்?" என்றாள் பெரியவள்.

"ஆமா. ரூம்தான் எடுத்துக்கும்."

"திரும்பக் குடுக்குமா?"

"யாராவது வேணும்னு கேட்டா குடுக்கும். யாருமே கேக்கலன்னா அதுவே வெச்சுக்கும்."

வாலு வாயில் விரலை வைத்துக்கொண்டு நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேலை செய்தோம் என்றுதான் அன்று படுத்தாள்.

அந்த முதல் நாளுக்குப் பிறகு எல்லா நாளும் அப்படியே நடந்தது. மணி அடிக்கும்; அவள் போய்ப் பார்ப்பாள்; அறை சுத்தமாக இருக்கும். சில நாள் சமையலறையில் நின்றபடியே காது கொடுத்துக் கேட்டாள். மணி ஓய்ந்ததும் அட்டையோடு அட்டை உரசும் சத்தம் வரும், அவசரமில்லாமல், பழகிய கை செய்வதுபோல. பிறகு மூடி அழுந்தும் சத்தம். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். யாரோ ஒரு வேலையைத் தன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள், வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு மத்தியானம் அலமாரியைத் துடைக்கும்போது, கீழ்த்தட்டில் ஒரு பெரிய பெட்டி கண்ணில் பட்டது. படத்தில் ஒரு சிவப்பு மரக்குதிரை, ஏறி உட்கார்ந்து ஆடுகிற மாதிரி. அப்படி ஒரு குதிரையை அவள் பார்த்ததே இல்லை.

"இது யாரோட குதிரை?"

பெரியவள் படத்தை உற்றுப் பார்த்தாள். "தெரியல. நம்ம வீட்டுல குதிரை இல்லையே."

ஜன்னலடியில், தரை ஓட்டின் மேல், இரண்டு வளைந்த தேய்மானங்கள் இருந்தன. எதுவோ அங்கே வருஷக்கணக்கில் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. அவள் குனிந்து அதில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அழுக்காக இருந்தால் போயிருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு படமாகப் பார்க்கத் தொடங்கினாள். நீல யானை. ஓட்டை டிரம். துணியில் தைத்த மீன். அந்தத் தையல் அவள் கையால் போட்ட தையல்தான், ஆனால் தைத்த நினைவு இல்லை. மேல்தட்டின் கோடியில் இருந்த பெட்டியில் ஒரு பூனையின் படம். பொம்மைப் பூனை இல்லை. அவர்கள் வீட்டு ஹால் சோபாவில், அவளுடைய பழைய சேலையின் மேல், கால் நீட்டித் தூங்கும் மஞ்சள் பூனை.

கைபேசியைத் திறந்து பார்த்தாள். அதே பூனை, படம் படமாக வந்தது. வாலுவின் தொட்டிலுக்குக் கீழே, கணவனின் தோளில், அவள் மடியில். படத்தில் அவள் அதன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூனைக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கணவன் வந்ததும் கேட்டாள். "என்னங்க, நம்ம வீட்டுல பூனை இருந்துச்சா?"

"இருக்கிற ரெண்டு வாண்டு போதாதா, பூனை வேறயா?" என்று சிரித்தான். படங்களைக் காட்டினாள். அவன் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. "யாரு வீட்டுல எடுத்தது?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். "நீ சரியா தூங்குறதே இல்ல. அதான் மண்டை குழம்பிக் கிடக்கு."

மறுநாள் காலை பெட்டியை இறக்கினாள். கனமாக இருந்தது. இறக்கும்போது உள்ளே எதுவோ சரிந்து, ஒரு மூலையில் போய் அடங்கியது. மூடியைத் தூக்கினாள்.

பூனை சுருண்டு படுத்திருந்தது. வாலைக் காலடியில் மடித்து, பெட்டிக்கென்றே அளவெடுத்ததுபோல. வயிறு ஏறி இறங்கவில்லை. உடம்பு சூடாக இருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. அவள் முகத்தை அசைக்க, அந்தக் கண்கள் அவளோடு அசைந்தன. அவை அவளைக் கெஞ்சின. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"வா," என்றாள். "வெளிய வா. எனக்கு... நீ வேணும்."

பூனை அசையவில்லை. அசையாது என்று அவளுக்கும் தெரிந்தது. வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதுதானே சட்டம்; அந்தப் பூனை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அது எந்த வீட்டுப் பூனையோ. மடியில் அதன் பாரம் நினைவில்லை, ராத்திரி அது காலை உரசியது நினைவில்லை. இல்லாத ஆசையை எங்கிருந்து வரவழைப்பாள்?

மூடியை மூடினாள். பெட்டியைத் தூக்கி மேல்தட்டில், இருந்த இடத்திலேயே வைத்தாள். கை கழுவினாள். அடுத்த அழைப்பு வந்தது. ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுவதாக ஒரு பெண் சொன்னாள். அவள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அன்று மத்தியானம்தான் பயம் வந்து சேர்ந்தது. வாலு சாப்பிட்ட வாயோடு, ரயில் தண்டவாளத்தின் நடுவில், கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பூனையும் இப்படித்தான் ஏதோ ஒரு சாயங்காலம் அங்கே படுத்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இடம் பொருள் கிடையாது. தூக்கம் எங்கே பிடிக்கிறதோ அங்கே விழும். ஒரு சாயங்காலம் மணி அடிக்கும்போது இவன் இங்கே கிடந்தால்? பெட்டியில் சிரிக்கும் ஒரு படத்தைப் பார்த்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று அவள் கேட்பாள். கேட்டுவிட்டுச் சமைக்கப் போவாள்.

டைமரைக் குப்பையில் போட்டாள். அன்று சாயங்காலமும் அறைக்குள் மணி அடித்தது. அறைக்குப் பூட்டு கிடையாது. சோபாவை இழுத்து வந்து கதவுக்குக் குறுக்கே போட்டாள். காலையில் சோபா ஹால் சுவரோரம் நேராக, மெத்தைகள் தட்டி வைத்து, அழகாக இருந்தது. பெட்டிகளைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போடலாம் என்று தோன்றியது. உள்ளே திறந்திருக்கும் கண்களை நினைத்ததும் கை எழவில்லை.

அக்காவைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலையில பசங்களைக் கூட்டிக்கிட்டு வரேன்க்கா. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"தாராளமா வா. என்னடி, குரலே சரியில்ல? சண்டையா?"

"இல்லக்கா. அசதி."

துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். ஒரு சாயங்காலம்தான் பாக்கி, அதைத் தாண்டிவிட்டால் போதும். பெரியவளை ஹாலில் நாற்காலியில் உட்காரவைத்து, இறங்கக் கூடாது என்று சொன்னாள். வாலுவை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள். கொதிக்கும் பாத்திரத்தை இறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அந்த ஒரு கணம் பிள்ளையை இறக்கிவிட்டாள். திரும்பினால் ஆள் இல்லை.

அறையில்தான் இருந்தது. ரயில் வேண்டும், ரயில் வேண்டும் என்று தரையில் மல்லாந்து புரண்டு கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. வெயில் சுவரேறிப் போயிருந்தது. அலமாரி நிழலில் கிடந்தது. அவள் பாய்ந்து தூக்கினாள். பிள்ளை முதுகை வில்லாக வளைத்து, கட்டையாக விறைத்து, கையிலிருந்து நழுவித் திரும்பத் தரைக்கே போனது. மறுபடி தூக்கினாள். மறுபடி நழுவியது. இடுப்பு விட்டுப்போனது. முழங்கால் மடங்கி அவளும் உட்கார்ந்தாள். பிள்ளையை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்ந்தாள்.

நெஞ்சின் மேல் போட்டால் அடங்கிவிடும், பிறந்ததிலிருந்து அப்படித்தான். அடங்கியது. விக்கல் ஒன்று, இன்னொன்று. எச்சில் ஒழுகும் வாய் அவள் கழுத்தில் புதைந்தது. சூடான மூச்சு. தூங்கிவிட்டது.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் முதுகு கீழே பட்டது. தரை ஜில்லென்று இருந்தது, நன்றாகவும் இருந்தது. கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாகக் கனம் இறங்கியது. எழுந்துகொள்ள வேண்டும். தெரியும். ஒரு நிமிஷம். பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். எதுவும் தரையைத் தொடவில்லை. இவன் தரையில் இல்லை, என் மேல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிம்மதியில் கண் சொக்கியது.

மணி அடித்தது.

எழ முயன்றாள். உடம்பு கேட்கவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடிக்க நினைத்தாள். கை வரவில்லை. மணி ஓய்ந்தது. அலமாரிப் பக்கம் அட்டை உரசியது.

பிறகு வாசம். அந்தக் குளிர்ந்த வாசம், பக்கத்தில்.

தோளுக்கு அடியில் எதுவோ நுழைந்தது. முழங்காலுக்கு அடியில். மெதுவாக. பதமாக. நெஞ்சின் பாரம் முதலில் போனது. யாரோ பிள்ளையை எடுத்து, விழித்துவிடாமல், ஓரமாக வைத்தார்கள். பிறகு அவள்.

முழங்கால் முகவாய்க்கு வந்தது. கழுத்து மடிந்தது. இத்தனை பெரிய உடம்பு ஒரு பெட்டிக்குள் எப்படிக் கொள்ளும் என்று நினைத்தாள். கொண்டது. வலிக்கவில்லை. மூடி அழுந்தியது.

இருட்டு. முதலில் பிள்ளையைத்தான் தேடினாள். கண்ணால் மட்டும்தான் தேட முடிந்தது. இல்லை. தன்னோடு இல்லை. வெளியே இருக்கிறான். நல்லது என்று நினைத்தாள்.

பெட்டியின் பக்கத்து ஓட்டை வழியாக அறையில் ஒரு துண்டு தெரிந்தது. சுவரோரம் வாலு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. கன்னத்தில் அவளுடைய ரவிக்கையின் தையல் பதிந்த கோடு. கண்ணைக் கசக்கியது. உதடு பிதுங்கியது. கூப்பிடப் போகிறது. கூப்பிடுடா. ஒரு தடவை. அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை.

"அக்கா!" என்று அழுதது.

பெரியவள் ஓடி வந்து தூக்கிக்கொண்டாள். பொழுது நன்றாக இருட்டியது. கணவனின் செருப்புச் சத்தம் கேட்டது. அறை வாசலில் நின்றான். "பரவாயில்லையே! ரெண்டு பேருமா இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க?" என்றான். அடுப்படியில் பாத்திரம் எடுக்கும் சத்தம் வந்தது. மூன்று தட்டு வைத்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள்.

நாட்கள் போயின. வெயில் தரையில் வந்து, சுவரேறி, போயிற்று. வெளியே எங்கோ அவளுடைய கைபேசி அடித்து அடித்து, ஒரு நாளோடு நின்றுவிட்டது. பசி இல்லை. அசதி இல்லை. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. மணி அடிக்கும்போது மட்டும் அலமாரியில் இருந்த எல்லாப் பெட்டிகளிலும் கண்கள் திறந்திருப்பது அவளுக்குத் தெரியும். அவளுடையவையும் திறந்திருந்தன.

ஒரு காலை கணவன் வந்து பெட்டியை அலமாரியிலிருந்து தரையில் இறக்கினான். "அப்பா, கனமா இருக்கே. இதெல்லாம் யாரும் விளையாடுறதில்லல்ல? யாருக்காவது குடுத்துடலாம்."

"இல்லப்பா," என்றாள் பெரியவள்.

ஓட்டை இருண்டது. வாலு குனிந்து முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு ஒரு விரலை உள்ளே விட்டது. அந்த விரல் அவள் கன்னத்தில் பட்டது, மூக்கைத் தடவியது, இமையைத் தொட்டது. பிசுபிசுப்பான விரல். அவள் கேட்டாள், வாயில்லாமல், மூச்சில்லாமல், உள்ளே இருந்த அத்தனையையும் திரட்டி. வேண்டும் என்று சொல். வேண்டும் என்று சொல், என் கண்ணு.

"அக்கா, இது சூடா இருக்கு. இது யாரோடது?"

"நம்மளோடது இல்லடா. கையை எடு, அப்பா ஒட்டணும்."

விரல் போனது. விரல் இருந்த இடத்தில் ஒரு கண் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் பெற்ற கண், நீளமான இமை, ஓரத்தில் பீளை. அது அவளை நேராகப் பார்த்தது. புதுப் பொம்மையைப் பார்க்கும் ஆர்வம் இருந்தது, பிறகு அதுவும் போனது.

சர்ரென்று டேப் இழுபட்டது. முதல் பட்டை ஓட்டையின் மேல்பாதியை மூடியது. கீழ்ப்பாதியில் அந்தக் கண் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.